'இவேட்' – ஒரு வினைச்சொல்லும் என் தாத்தாவும்



மொழியாசிரியனுக்கு எல்லாச் சொல்லுக்கும் பொருள் தெரியும் என்று மாணவர்கள் நம்புகின்றனர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி வரும் எனக்கும் அந்த நம்பிக்கை ஓரளவு இருந்தது. ஓர் ஆங்கில வினைச்சொல் அதை அசைத்துவிட்டது. அந்த நிகழ்வை இங்குப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

அன்று எங்கள் பள்ளியின் ஆங்கில ஆசிரியை மருத்துவ விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதிலாக ஆறாம் ஆண்டு வகுப்பிற்குச் செல்லுமாறு தலைமையாசிரியர் என்னைப் பணித்தார். மாணவர்கள் கையில் ஒரு பயிற்சித்தாள் இருந்தது. அதில் 'இவேட்' என்ற வினைச்சொல் இரண்டு வாக்கியங்களில் வந்தது. முதல் வாக்கியத்தில் ஒரு படைவீரன் மூன்று வாரம் பகைவர் கையில் சிக்காமல் இருக்கிறான். இரண்டாம் வாக்கியத்தில் ஒரு வணிகர் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியைக் கட்டாமல் இருக்கிறார். இரண்டிடத்திலும் அதே சொல்.

"இவேட் என்றால் தப்பித்தல்" என்று வெண்பலகையில் எழுதிவிட்டு அடுத்த வினாவிற்குச் செல்லத் தொடங்கினேன். மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு மாணவி கையை உயர்த்தினாள்.

"ஐயா, அந்த சோல்ஜர் செஞ்சது நல்லதுதானே? இந்த ஆள் செஞ்சது கெட்டது. ரெண்டுக்கும் எப்படி ஒரே சொல் வரும்? இவேட் நல்ல சொல்லா, கெட்ட சொல்லா?"

நல்ல கேள்வி. எனக்கு விடை தெரியவில்லை. மணி அடிக்கப் பத்து நிமிடமே இருந்தது. "அதெல்லாம் தேர்வில் கேட்கமாட்டார்கள், அம்மா. அடுத்த கேள்விக்குப் போவோம்" என்றேன்.

அவள் அமர்ந்தாள். அமர்ந்தபடியே பக்கத்தில் இருந்த தோழியிடம் மெதுவாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"ஐயா இவேட் பண்ணிட்டாரு."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து மழுப்பினேன். ஆனால், அன்று அந்த வகுப்பில் அச்சொல்லை மிகச் சரியாகப் பயன்படுத்தியவள் அவள்தான் என்பதை அப்பொழுதே உணர்ந்தேன்.

சொல்லின் வேர்

அன்றிரவு அகராதிகளைப் புரட்டினேன். 'இவேட்' இலத்தீன் மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்கு வந்த சொல். இலத்தீனில் 'வாதெரே' என்பது செல்லுதல், நடத்தல் என்று பொருள்படும். அதன் முன்னால் 'வெளியே' என்னும் பொருள் தரும் முன்னொட்டு சேர்ந்திருக்கிறது. ஆக, வெளியேறிச் செல்லுதல் என்பதே வேர்ப்பொருள். அதே வேரோடு 'உள்ளே' என்னும் முன்னொட்டைச் சேர்த்தால் 'இன்வேட்', அதாவது படையெடுத்தல். எங்கும் ஊடுருவிப் பரவுதலைக் குறிக்கும் 'பெர்வேட்' என்ற சொல்லும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஒருவன் உள்ளே புகுகிறான். மற்றவன் வெளியே நழுவுகிறான். இரு சொற்களும் ஒரு தாய்ப் பிள்ளைகள் என்பதை அறிந்தபோது வியப்பாக இருந்தது.

இதனோடு பழகும் பிற சொற்களையும் பிரித்தறிய வேண்டும். நம் மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

'அவாய்ட்' என்பது தவிர்த்தல். அதன் வேரில் வெறுமை, காலியாக்குதல் என்ற பொருள் உண்டு. ஒன்று நம்மை நாடி வராமலே நாம் அதனிடமிருந்து விலகி நிற்பது அது. நீரிழிவு உள்ளவர் இனிப்பைத் தவிர்க்கிறார். நெரிசலான சாலையைத் தவிர்த்து வேறு வழியில் செல்கிறோம். இனிப்பு நம்மைத் துரத்தவில்லை. சாலைக்கு நாம் கடன்படவில்லை. ஆகவே, அங்கே 'இவேட்' பொருந்தாது.

'எஸ்கேப்' என்பது தப்பி ஓடுதல். நம் இளைஞர்கள் "எஸ்கேப் ஆயிட்டான்" என்று தமிழ் வினை போலவே இதைப் பேசுகிறார்கள். மேலாடையிலிருந்து வெளியேறுதல் என்பது இதன் வேர்ப்பொருள் என்று அகராதிகள் கூறும். பிடித்தவன் கையில் ஆடை மட்டும் எஞ்ச, ஆடைக்குரியவன் ஓடிவிட்ட காட்சியை மனக்கண்ணில் பாருங்கள். இங்கே ஒரு பிடி முன்னரே விழுந்துவிட்டது.

'இலூட்' என்பதன் வேர் விளையாட்டு. நாம் சிறுவயதில் தாயக்கட்டை உருட்டி ஆடிய 'லூடோ' விளையாட்டின் பெயரும் அதே இலத்தீன் வேரிலிருந்து பிறந்ததுதான். பிடிக்க வருபவனுக்குப் போக்குக் காட்டி ஏமாற்றுவது இச்சொல்லின் இயல்பு. ஒரு பெயர் நினைவுக்கு வராதபோதும் ஆங்கிலத்தார் இதையே ஆள்வர். நாமும் "அதன் பொருள் எனக்குப் பிடிபடவில்லை" என்கிறோம் அல்லவா? பொருளை ஓர் உயிராக்கி, அது நம் கைக்கு அகப்படாமல் ஓடுவதாக இரு மொழியினரும் எண்ணியிருக்கின்றனர்.

இவற்றுக்கு நடுவே 'இவேட்' தனித்து நிற்கிறது. ஒன்று நம்மை நோக்கி வருகிறது. அது துரத்தி வரும் ஆளாக இருக்கலாம். நாம் செலுத்த வேண்டிய கடனாக இருக்கலாம். விடை கேட்டு நிற்கும் வினாவாகவும் இருக்கலாம். அது நம்மைத் தொடுமுன் நாம் நழுவிவிடுகிறோம். இதுதான் 'இவேட்'.

சிக்கியவரும் சிக்காதவரும்

'எஸ்கேப்', 'இவேட்' இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை மிகத் துல்லியமாகக் கடைப்பிடித்தவர்கள் இலக்கண ஆசிரியர்கள் அல்லர், படைத்துறையினர். இரண்டாம் உலகப் போரின்போது, 1939 டிசம்பரில் பிரிட்டன் 'எம்.ஐ.9' என்னும் இரகசியப் பிரிவை அமைத்தது. பகைவர் நிலத்தில் அகப்பட்ட தம் வீரர்களை மீட்டுக் கொணர்வது அதன் பணிகளுள் ஒன்று. அவ்வாறு மீண்டு வந்தோரை அவர்கள் இரு வகையாகப் பிரித்தனர். பகைவரிடம் சிறைப்பட்டுப் பின்னர் தப்பியவர் 'எஸ்கேப்பர்'. சிறைப்படாமலே நழுவி வந்தவர் 'இவேடர்'. சுட்டு வீழ்த்தப்பட்ட விமானத்திலிருந்து குதித்து, ஒரு நாளும் பகைவர் கையில் சிக்காமல் நாடு திரும்பிய விமானிகள் இரண்டாம் வகையினர்.

அவர்கள் தனியாக நழுவவில்லை. மறைத்து வைத்தவர்கள், உணவளித்தவர்கள், வழிகாட்டியவர்கள் என்று ஒரு கூட்டமே பின்னால் இருந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆந்திரே தெ யோங் என்னும் இளம்பெண் 1941இல் 'கோமெட்' எனப்பட்ட இரகசிய வழியை உருவாக்கினார். பெல்ஜியத்திலிருந்து பிரான்சு வழியாகப் பிரினீசு மலையைக் கடந்து ஸ்பெயினுக்கு வீரர்களை நடத்திச் சென்றார். 1943 ஜனவரியில் அவர் பிடிபட்டு ஜெர்மானியர்களின் வதைமுகாமில் அடைக்கப்பட்டார். உயிர் பிழைத்து 2007இல் மறைந்தார். அவருடைய தந்தையோ 1944இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். ஒருவர் நழுவும்போது அதன் விலையை வேறொருவர் கொடுக்க நேரிடலாம். இது எங்கோ ஐரோப்பாவில் நடந்த கதை மட்டுமன்று. எங்கள் வீட்டுக் கதையும் இதுதான்.

எங்கள் வீட்டு 'இவேடர்'

என் தாத்தா பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பேச்சு குறைந்த மனிதர். மாலையில் லயத்து வாசலில் அமர்ந்து வெற்றிலை மெல்வார். பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் எதைக் கேட்டாலும் பொறுமையாக விடை சொல்வார். மரத்தில் கோடு போடுவது எப்படி, காடியூற்றிப் பாலை உறைய வைப்பது எப்படி, பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்து ஓட வேண்டும் என்றெல்லாம் கதை கதையாகச் சொல்வார். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவரிடம் விடை கிடைத்ததில்லை.

தீபாவளிக்கு முந்தைய நாள் இரவு எங்கள் வீட்டில் முன்னோருக்குப் படையல் இடுவது வழக்கம். தாத்தாவின் தந்தைக்கு ஓர் இலை, தாய்க்கு ஓர் இலை. மூன்றாவதாக இன்னோர் இலையும் விரிக்கப்படும். அதன் அருகே ஒரு புதுச்சட்டை இருக்கும். இளைஞர் அணியும் அளவு. "இது யாருக்கு, தாத்தா?" என்று நான் சிறுவனாக இருந்தபோது கேட்டேன்.

"மழ வர்ற மாதிரி இருக்கு. ஓடிப்போயி கொடித்துணிய எடுத்துட்டு வா" என்றார்.

வானத்தில் மேகமே இல்லை.

மறு ஆண்டும் கேட்டேன். வெற்றிலைப் பெட்டியை எடுத்து வரச் சொன்னார். மூன்றாம் ஆண்டு நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அந்த வீட்டில் கேட்கக்கூடாத கேள்வி என்பதைப் பிள்ளைகள் விரைவில் புரிந்துகொள்வார்கள். அவர் விடையிலிருந்து நழுவினார். நான் கேள்வியிலிருந்து நழுவக் கற்றுக்கொண்டேன்.

தாத்தா 1996இல் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர் கலைந்த பிறகு, பாட்டி என்னைப் பக்கத்தில் அமர்த்திச் சொன்னார்.

ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தது. பின்னர், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்தில் இரயில் பாதை அமைக்க ஆள் தேவைப்பட்டது. போர்க்கைதிகளோடு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களும் கொண்டு செல்லப்பட்டனர். தொடக்கத்தில் நல்ல கூலி, நல்ல சாப்பாடு என்று ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்ற செய்தி பரவியதும் யாரும் விரும்பிச் செல்லவில்லை. அதன்பின் பட்டியல் போட்டுப் பிடித்துச் செல்லத் தொடங்கினார்கள். இலவசப் படம் காட்டுவதாக அழைத்துக் கதவைச் சாத்திப் பிடித்த கதையையும் நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

"ஒங்க தாத்தா பேருதான்யா லிஸ்டுல இருந்துச்சு" என்றார் பாட்டி. "கிராணி முன்னாடி நாளே ரகசியமா சொல்லிட்டாரு. எனக்கு அப்ப ஒங்க பெரியப்பா வயித்துல. அவரு ராத்திரியே ஆத்தோரமா லாலான் காட்டுக்குள்ள போயி ஒளிஞ்சிக்கிட்டாரு. காலையில லாரி வந்துச்சு. ஒரு தல கொறையுதுன்னான். வாசல்ல சின்னவரு நின்னுக்கிட்டு இருந்தாரு. பதினேழு வயசு. அவர ஏத்திட்டுப் போயிட்டான்."

சின்னத் தாத்தா திரும்பி வரவே இல்லை. 1943 அக்டோபரில் இரயில் பாதை முடிந்தது. 1945இல் போரும் முடிந்தது. சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய சிலரிடம் தாத்தா போய் விசாரித்தாராம். ஒருவருக்கும் தெரியவில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கென்று அமைந்த கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர் வரிசை வரிசையாக உறங்குகின்றனர். பெரும்பாலான கற்களில் பெயர் உண்டு. நம் தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்வரிசை இல்லை. அவர்களுள் ஒருவருக்காக எங்கள் வீட்டில் ஆண்டுக்கு ஒரு முறை வாழையிலை விரிந்தது. பிறர் கண்ணுக்கு அது வெறும் படையல். தாத்தாவுக்கு அதுதான் கல்லறை.

பாட்டி கடைசியாக ஒன்று சொன்னார். இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன் தாத்தா அவரிடம் பேசிய சொற்கள் அவை.

"நான் தப்பிச்சேன். அதுதான் நான் செஞ்ச தப்பு."

தப்பும் தப்பும்

பாட்டி கூறிய அந்த வாக்கியம் பல ஆண்டுகளாக என்னுள் கிடந்தது. மாணவியின் கேள்வி எழுந்த அன்றிரவுதான் அதை ஒரு மொழியாசிரியனாக எண்ணிப் பார்த்தேன்.

தமிழில் 'தப்பு' என்பது வினையாக வரும்போது ஆபத்துக்கு அகப்படாமல் விலகுதல். "விபத்தில் தப்பினார்" என்கிறோம். குறி தவறுதலும் அதுவே. பெயராக வரும்போது 'தப்பு' என்பது பிழை, குற்றம். உயிர் பிழைத்தலையும் பிழை செய்தலையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது நம் மொழி. 'பிழை' என்ற சொல்லும் அப்படித்தான். பிழைத்தான் என்றால் உயிரோடு இருக்கிறான். பிழை என்றால் குற்றம். ஆங்கிலத்தின் ஒரு சொல்லில் நன்மையும் தீமையும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு என் மாணவி திகைத்தாள். நம் வீட்டுச் சொற்களிலேயே அவ்விரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதை நான் கவனித்ததே இல்லை.

ஆனால், தாத்தாவின் வாக்கியம் இலக்கணப்படி சரியானதாக இருந்தாலும் நியாயப்படி சரியானதா?

'இவேட்' என்ற வினைக்குச் செயப்படுபொருள் கட்டாயம் வேண்டும். எதை, யாரை என்ற கேள்விக்கு விடை இல்லாமல் அவ்வினை பெரும்பாலும் நிற்பதில்லை. நம் இலக்கணத்தில் இதனைச் செயப்படுபொருள் குன்றாவினை என்போம். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நான் ஆண்டுதோறும் கற்பிக்கும் பாடம் இது. மாணவியின் கேள்விக்குரிய விடை அந்தப் பாடத்திலேயே இருந்திருக்கிறது. வினை நல்லதும் அன்று; கெட்டதும் அன்று. அதன் செயப்படுபொருளைப் பார்க்க வேண்டும். நம்மை நோக்கி வருவதற்கு நம்மீது உரிமை உண்டா என்று கேட்க வேண்டும்.

வரிக்கு உரிமை உண்டு. அந்தப் பணத்தில்தான் சாலையும் மருத்துவமனையும் பள்ளியும் நடக்கின்றன. ஆகவேதான் சட்டமும் இரு சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறது. நூல்கள் வாங்கிய பற்றுச்சீட்டை வைத்துச் சட்டம் அனுமதிக்கும் கழிவைப் பெற்று வரியைக் குறைத்துக்கொள்வதில் குற்றம் இல்லை. வருமானத்தையே வேண்டுமென்று மறைப்பது வரி ஏய்ப்பு; நமது 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 114ஆம் பிரிவு அதற்குத் தண்டனை விதிக்கிறது. அமெரிக்காவைக் கலக்கிய அல் கபோன் 1931இல் 11 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றதும் கொலைக்காக அன்று, வரி ஏய்ப்புக்காகத்தான். தமிழில் இதற்கு 'ஏய்ப்பு' என்ற சொல்லை அமைத்தவர் நன்கு சிந்தித்து அமைத்திருக்கிறார். ஏய்த்தல் என்றாலே ஏமாற்றுதல். தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

வேலை நேரத்தில் வேலை செய்யாமல் நழுவுவதற்கு மலாய்க்காரர்கள் 'சூரி துலாங்' என்பார்கள். எலும்பைத் திருடுதல் என்று பொருள். பள்ளிக்கு மட்டம் போடுவது 'பொந்தெங்'. இவையும் உரிமை உள்ள ஒன்றிடமிருந்து நழுவுவதுதான். அதே மலாய் மொழியில், சீலாட் தற்காப்புக் கலையில் வரும் அடியிலிருந்து உடலை விலக்கும் அசைவுக்கு 'எலாக்கான்' என்று பெயர். அதை யாரும் குறை சொல்வதில்லை, முறையாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். அடிக்க வருபவனுக்கு நம் உடல்மீது என்ன உரிமை?

லாரியில் வந்தவனுக்கு என் தாத்தாமீது என்ன உரிமை இருந்தது? ஒன்றும் இல்லை. பிறர் மண்ணை 'இன்வேட்' செய்தவனை அவர் 'இவேட்' செய்தார். கருவுற்ற மனைவியை விட்டுச் சாவுக்குப் போக மறுத்தது தப்பன்று. தம்பியை ஏற்றியது தாத்தாவின் கை அன்று. ஒரு தலை குறைகிறது என்று மனிதரை எண்ணிக்கையாகப் பார்த்தவனின் கை. இதை அவர் உயிரோடு இருந்தபோது யாராவது அவரிடம் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டுமானால் அவர் முதலில் பேசியிருக்க வேண்டும். அவர் பேச வேண்டுமானால் நாங்கள் விடாமல் கேட்டிருக்க வேண்டும். மேகமில்லாத வானத்தின் கீழே கொடித்துணியை எடுக்க ஓடிய சிறுவன், வளர்ந்து ஆசிரியரான பின்னும் அந்தத் துணியைத்தான் மடித்துக்கொண்டிருந்தான். அவருக்கு ஐம்பது ஆண்டுக் காலம் நெஞ்சில் பாரம் இருந்தது. அதில் சில ஆண்டுகளையாவது நான் குறைத்திருக்கலாம். அவர் சிக்காமல் நழுவியது வீரனுக்கு. நான் நழுவியதோ, என்னிடம் பேசக் காத்திருந்த ஒரு கிழவரின் மௌனத்திடமிருந்து. இவ்விரண்டில் எது தப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒன்றை மட்டும் அவர் பக்கத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். அவர் கேள்வியிலிருந்து நழுவினார், கடமையிலிருந்து நழுவவில்லை. இலையும் சட்டையும் ஓர் ஆண்டும் தவறியதில்லை.

மறுநாள் வகுப்பில்

மறுநாளும் ஆங்கில ஆசிரியை வரவில்லை. நானே அவ்வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெண்பலகையில் மூன்று வாக்கியங்களை எழுதினேன். ஒன்றில் வீரன் சிறைப்படுவதிலிருந்து நழுவினான். இரண்டாவதில் வணிகர் வரியிலிருந்து நழுவினார். மூன்றாவதில் ஆசிரியர் கேள்வியிலிருந்து நழுவினார். வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது.

முதலில் ஓர் இலக்கணக் குறிப்பைச் சொன்னேன். தமிழில் 'சிறையிலிருந்து', 'கேள்வியிலிருந்து' என்று ஐந்தாம் வேற்றுமையில் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் 'இவேட்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'ஃப்ரம்' சேர்த்து எழுதுகிறோம். அது பிழை. 'எஸ்கேப்' அதை ஏற்கும், 'இவேட்' ஏற்காது. செயப்படுபொருள் வினையை ஒட்டியே வர வேண்டும். அதன் பின்னால் இன்னொரு வினை வந்தால் அது 'இங்' விகுதி பெற வேண்டும், 'டு' சேர்க்கக்கூடாது.

பிறகு, அம்மாணவியைப் பார்த்து, "நேற்று நீ கேட்டாயே, நல்ல சொல்லா கெட்ட சொல்லா என்று. எதை என்று கேட்டுப் பார். வருவது எது, அதற்கு நம்மீது உரிமை இருக்கிறதா என்று பார். விடை அங்கே இருக்கிறது" என்றேன். என் தாத்தாவின் கதையையும் சுருக்கமாகச் சொன்னேன். அந்த வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்ததை நான் பார்த்ததில்லை. சயாம் இரயில் பாதையைப் பற்றி அதுவரை கேள்விப்படாத பிள்ளைகள் பலர் அங்கே இருந்தனர்.

"ஐயா, அப்போ நேத்து என்னோட கேள்விக்கு ஒங்க மேல உரிமை இருந்துச்சா?" என்று கேட்டாள் அவள்.

"இருந்தது" என்றேன்.

அன்று அவர்கள் அச்சொல்லைக் கொண்டு சொந்த வாக்கியம் எழுதினார்கள். அவளுடைய ஏட்டில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. நேற்று எங்கள் ஆசிரியர் என் கேள்வியிலிருந்து நழுவினார். இன்று அதனிடம் திரும்பி வந்தார் என்பது அவற்றின் பொருள். 'ஃப்ரம்' இல்லை. காலம் சரி. செயப்படுபொருள் சரி. சிவப்பு மையால் சரியென்று குறியிட்டேன்.

அன்பர்களே, ஒரு சொல்லைப் பற்றி எழுதத் தொடங்கி வீட்டுக் கதையில் வந்து நிற்கிறேன். பொறுத்தருள்க. உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு பெயர் வரும்போது பேச்சை மாற்றும் பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். படையலில் யாருக்கென்று தெரியாத ஓர் இலை விரிக்கப்படக்கூடும். அடுத்த தீபாவளிக்குள் பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். மழை வருகிறது என்று சொன்னால், துணியை எடுத்து வைத்துவிட்டு வந்து மீண்டும் கேளுங்கள்.

இன்னொரு சொல்லோடு மீண்டும் சந்திப்போம்.